மாலை போட்ட போட்டோவில் வீரராகவன்

நசரத்பேட்டையில் வீரராகவனின் முகம் தெரியாதவர்கள் நிறைய உண்டு. தண்ணீர் கேன் போடுகிற ஆளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கேனில் தூசி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் அவருடைய போட்டோவைப் பார்க்காத வீடு அந்த வட்டாரத்தில் கிடையாது. சாயங்காலம் ‘மஞ்சக்குடம்’ தொடர் ஆரம்பித்தால் போதும். கதாநாயகியின் வீட்டு ஹாலில், சந்தனமாலை தொங்க, கீழே சிவப்பு பல்பு எரிய, நெற்றியில் நாமத்தோடு ஒருவர் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். கதாநாயகியின் செத்துப்போன அப்பா ராஜசேகரன். அவர்தான் நம் வீரராகவன்.

அவர் செத்துப்போன விதம் சொல்லக் கேட்கவேண்டியது. அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில்தான் இப்போது அந்த ஷூட்டிங் பங்களா நிற்கிறது. அதற்காக அவர் பெருமூச்செல்லாம் விடுகிற ஆள் இல்லை. நெல் விளைந்தபோது கிடைத்ததைவிட அங்கே கேன் போட்டு நன்றாகவே கிடைத்தது. ஒரு நாள் கேனை இறக்கிவிட்டு நின்றபோது உள்ளே ஒரே சண்டை. அப்பாவாக நடிக்க வந்தவர் போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

“அழச் சொல்லு, அடி வாங்கச் சொல்லு, செய்றேன். மாலை போட்ட போட்டோ மட்டும் வேணாம். வர்ற ஆவணியில பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆர்ட் டிபார்ட்மெண்ட் பையன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பிறகு நிமிர்ந்து வீரராகவனைப் பார்த்தான். நரைத்த மீசை, அகலமான நெற்றி, யாரோ பெற்ற பெண்ணுக்காகக் கவலைப்படுகிற மாதிரி ஒரு கண். “அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

டி.வி.யில் வரலாம் என்றால் வீரராகவன் கேனுக்குள் இறங்கச் சொன்னாலும் இறங்குவார். எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் குமணன்சாவடியில் தினேஷின் சலூனில் அவருக்குத் தனி மரியாதை. அங்கே முடி வெட்டுவது உபதொழில். மத்தியான மறுஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டு வாய்ச்சண்டை போடுவதுதான் முக்கிய வேலை. வாசலில் பூக்கூடை வைத்திருக்கும் சரசா சீரியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஷேர் ஆட்டோ ஓட்டும் முகமது இஸ்மாயில் கதையைப் பார்க்கவே மாட்டார், பின்னணி இசையை மட்டும் கேட்பார். எதிர் அபார்ட்மெண்டில் குடியிருக்கும் நிர்மல் கோவில்பட்டிப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தபடியே வேலை என்பதால் அரை நாள் சலூனில் கிடப்பான்.

“பொணத்தோட மூஞ்சிய காட்னானா?” என்று சரசா ஆரம்பிப்பாள். “துணிய போத்தி வண்டில ஏத்துனான். கொள்ளி வெக்கும்போது பின்னாலேர்ந்து காட்னான். மூஞ்சி காட்டாத பொணம் சீரியல்ல சாவாது. அப்பன்காரன் வருவான், பாரு.”

“ஏக்கா, அந்த மனுசன் செத்து ரெண்டு தீவாளி போயிட்டு. இம்புட்டு நாளா எங்க இருந்தாராம்?” என்பான் நிர்மல்.

“ஞாபகம் பூட்ச்சி. கேரளாவுல மூலிகை கட்டிகினு படுத்துங்கீறான்.”

“படுத்துகினே ரெண்டு வருசமா? முதுகு புண்ணாயிடாது?” இது தினேஷ்.

“கதைய உடுங்கப்பா” என்று இஸ்மாயில் கையை ஆட்டுவார். “அந்தப் போட்டோவ காட்டும்போது ஒரு புல்லாங்குழல் வருது பாரு, அதான் மேட்டரு. அது இல்லன்னா மாமே வெறும் கேன்காரன். அந்தப் புல்லாங்குழல்தான் மாமேவ சாவடிச்சிகினு கீது.”

“யோவ் பாய், நான் இங்கதான் உக்காந்துகினு கீறேன்.”

“நீ கம்முனு இரு மாமே. செத்தவன்லாம் நடுவுல பேசக் கூடாது.”

சலூனே சிரிக்கும். வீரராகவன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார். செத்தவனுக்கு டீ வாங்கிக் கொடுங்கப்பா என்பார்.

சிரிப்பு நின்றது அந்தத் திதி சீனுக்குப் பிறகு.

ராஜசேகரனுக்குத் திதி கொடுக்கிற காட்சி. நிஜமாகவே இருக்கட்டும் என்று டைரக்டர் நிஜப் புரோகிதரையே கூட்டிவந்திருந்தார். எள், தர்ப்பை, வாழையிலை எல்லாம் தயார். சுவரில் போட்டோ. புரோகிதர் உட்கார்ந்து, செத்தவர் பேர் என்ன என்று கேட்டார். ராஜசேகரன் என்றார்கள். கோத்திரம், அப்பா பேர், தாத்தா பேர்? அதெல்லாம் கதை எழுதுகிறவர் யோசிக்கவில்லை.

“அப்படி ஒருத்தர் இருந்தாரோ?” என்றார் புரோகிதர்.

“இல்ல சாமி, கதைதான்.”

“இல்லாதவனைக் கூப்பிட்டா யார் வருவா? வழில போற எதுவோ வந்து உக்காரும். நான் மாட்டேன்ப்பா.”

லைட்டு எரிகிறது, நடிகை ஈரத்துணியோடு நிற்கிறாள், டைரக்டர் பல்லைக் கடிக்கிறார். அந்த நேரம் பார்த்து, தோளில் கேனோடு உள்ளே வந்த வீரராகவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போட்டோவில் இருப்பவரே உதவாவிட்டால் யார் உதவுவது என்று நினைத்தாரோ என்னவோ.

“எம்பேரயே போட்டுக்கோ சாமி. வீரராகவன். விஷ்ணு கோத்திரம். எங்க நைனா முனுசாமி, தாத்தா கன்னியப்பன். அப்பால இவுங்க மைக்குல பேர மாத்திக்குவாங்க.”

புரோகிதர் அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவசரத்தில் இருந்தார். பேரைச் சொல்லி மந்திரத்தை ஆரம்பித்தார். எள்ளும் தண்ணீரும் விழுந்தன. பிண்டம் வைத்தார்கள்.

மொட்டை மாடியில் இலையைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் அது நடந்தது. ஷூட்டிங் என்றால் காக்கா வரவே வராது. லைட்டும் ஆளும் கூச்சலும் பார்த்துப் பறந்துவிடும். பிறகு கம்ப்யூட்டரில் காக்கா போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு நடிகை “அப்பா” என்று கூப்பிட வாயெடுக்கும் முன்பே தண்ணீர்த் தொட்டி மேலிருந்து ஒன்று இறங்கியது. பின்னாலேயே இன்னும் சில. சத்தமே போடாமல், பந்தியில் உட்கார்ந்த மாதிரி தின்றன. கேமராக்காரர் சந்தோஷத்தில் கைதட்டினார். காக்காய்கள் அதற்கும் பறக்கவில்லை. தின்று முடித்து, கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து, கேமராவை விட்டுவிட்டுப் படிக்கட்டோரம் நின்ற வீரராகவனையே பார்த்தன.

முதலில் அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருமுனை நாய்தான் முதலில் உறுத்தியது. கேன் வண்டியைக் கண்டால் அது வருஷக்கணக்காகத் துரத்திக் குரைக்கும். இப்போது அவர் போனால் எழுந்து ஒதுங்கி, வாலை மடக்கிக்கொண்டு நின்றது. ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை. கேன் தூக்குகிற கை, ரேகை தேய்ந்திருக்கும் என்றார் கடைக்காரர். இருக்கும்தான். ஆனால் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தும் அந்தக் கருவி சிவப்பாகவே இருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

அப்புறம் தினேஷ். கத்தரியை எடுத்தவன், பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

“அண்ணாத்தே, போன மாசம் நான்தான வெட்டுனேன்?”

“ஆமா. ஏன்?”

“அப்டியே கீது. கிருதாவுக்குப் போட்ட கோடுகூட அழியல. முடி வளரவே இல்ல அண்ணாத்தே.”

“வயசாச்சில்லடா” என்றார் வீரராகவன். அன்றைக்குச் சிரிக்கலாமா என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திதி எபிசோடு ஒளிபரப்பான மறுநாள், இஸ்மாயில் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு சலூனுக்கு வந்தார். போனில் அந்த சீனை எடுத்து, வீரராகவனின் காதருகே வைத்தார்.

“புல்லாங்குழல உட்டுரு மாமே. அதுக்கு அடியில கேளு. ராஜசேகரன்னு மேல வேற ஆளு குரல்ல ஒட்டிக்கீறான். அடியில பழைய குரல சரியா அழிக்கல.”

வீரராகவன் கேட்டார். புல்லாங்குழல். தண்ணீர் சொட்டும் சத்தம். அதற்கெல்லாம் கீழே, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி புரோகிதரின் குரல் அவர் பேரைச் சொன்னது. அவருடைய அப்பா பேரைச் சொன்னது. தாத்தா பேரையும் சொன்னது.

“இது நிஜத் திதியாச்சே!” என்றாள் சரசா. கையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“புல்லாங்குழல் சாவடிக்குதுன்னு நான் பேச்சுக்குச் சொன்னது. போட்டோ சும்மா சுவத்துல தொங்குனா தப்பில்ல. கூப்ட்டு சோறு வெச்சிட்டாங்களே மாமே” என்றார் இஸ்மாயில்.

இந்த மாதிரிச் செய்தி குமணன்சாவடியில் கிளம்பினால் நசரத்பேட்டைக்கு நடந்தா வரும், பறந்துதான் வரும். வீரராகவன் வீடு போய்ச் சேரும்போது அவர் மனைவி தாட்சாயிணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இருக்கற சாமிக்கெல்லாம் மஞ்ச குங்குமம் வெச்சி வேண்டிகினு கெடந்தேன்” என்றாள் மெதுவாக. “நீங்க கேன் போடப் போன எடத்துல பிண்டம் வாங்கிகினு வந்துட்டீங்க.”

“நடிப்புடி அது.”

“காக்காவுமா நடிச்சிச்சி?”

டி.வி.மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். “அந்த மாலைய எறக்குங்க. எறக்குற வரைக்கும் இத்த தொறக்க மாட்டேன். உங்க மூஞ்சிய பாத்தா எனக்கு அந்த செவப்பு பல்புதான் தெரியுது.”

சொன்னபடியே அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், சுவரைப் பார்த்துப் பேசுவாள். வீரராகவனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே இல்லாமல் போயிற்று. அந்த மாலை இறங்கவேண்டும், தாட்சாயிணி தன்னை நிமிர்ந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

பங்களாவுக்குப் போய் மேனேஜரிடம் கேட்டார். “போட்டோவ எடுத்தா கதையே படுத்துரும்ண்ணே. அப்பா உயிரோட திரும்பி வந்தாத்தான் மாலைய எடுக்க முடியும்” என்றார் மேனேஜர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான மேக்கப்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒன்று சொன்னார். “சினிமால பொணமா நடிச்சா, ஷாட் முடிஞ்சதும் அந்த ஆள எழுப்பி கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்க வெச்சி எடுத்துருவோம். அப்பதான் தோஷம் ஒட்டாது. ஒன்னைய சிரிக்க வெச்சாங்களா?”

வைக்கவில்லை.

சலூனில் அன்றைக்கு அவசரக் கூட்டம்.

“இதுக்குப்போயி மருகுதீயளே அண்ணாச்சி. அப்பாவக் கொண்டாந்துருவோம்” என்றான் நிர்மல். சேனலின் இணையப் பக்கத்தில் போய் ‘ராஜசேகரன் அப்பா திரும்பி வரணும்’ என்று கேட்டு எழுதினான். நண்பர்களை எழுதச் சொன்னான். சரசாவின் தத்துவத்தை, மூஞ்சி காட்டாத பிணம் சாகாது என்பதை, படம் போட்டு விளக்கினான். அது தீப்பிடித்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் அப்பா கேரளாவில் இருக்கிறாரா, சிறையில் இருக்கிறாரா, வில்லிதான் ஒளித்துவைத்திருக்கிறாளா என்று அடித்துக்கொண்டார்கள்.

இன்னும் வேகமாகப் பரவட்டும் என்று அந்தப் போட்டோவுக்கு ஒரு கானாவும் ஒட்டிவிட்டான்.

*தோளு மேல கேனு போச்சி, ஆளு மேல மாலையாச்சி,*
*வூட்டு வாசல் தேடிப் பாரு, கூப்புடாமப் போனதாரு?*

இஸ்மாயிலுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். “டேய், அது சாவு மெட்டுடா! பொணத்த வூட்டு வாசல்ல வெச்சி, சொந்தக்காரன் கேட்டாத்தான் அத்த பாடுவாங்க. கல்யாணத்துல பாடமாட்டான், கச்சேரில பாடமாட்டான். உயிரோட கீறவனுக்குப் பாடுனியே, உனுக்கு இன்னாடா தெரியும் பாட்டப் பத்தி?”

“பீட்டு நல்லாருந்துச்சி பாய்.”

“பீட்டாம் பீட்டு!”

தெருவில் பிள்ளைகள் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். வீரராகவன் வண்டி போனால் நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள், அந்த நாய் மாதிரியே.

ஆனால் காரியம் நடந்தது. மேனேஜரே போன் செய்தார். “அண்ணே, ஜனங்க கேக்குறாங்க. நீங்க வர்றீங்க. நாளைக்குக் காலைல வந்துருங்க.”

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வந்து நின்றால் போதும் என்றார் டைரக்டர். “உள்ள வாங்க, ஹால் நடுவுல நில்லுங்க. எல்லாரையும் பாருங்க. கடைசில ஒரு சிரிப்பு. வசனம் கெடையாது.” பிறகு மற்ற நடிகர்களிடம் திரும்பி, “அவர யாரும் பாக்கக் கூடாது, தெரிஞ்சுதா?” என்றார்.

வீரராகவன் வாசற்படி தாண்டினார். ஹாலில் அத்தனை பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மகளாக நடிப்பவள் காபி டம்ளரோடு எதிரே வந்து, அவர் தோளை உரசாத குறையாக விலகிப் போனாள். மாமியாராக நடிப்பவள் அவர் நின்ற இடத்தைத் தாண்டிச் சன்னலைப் பார்த்தாள். எவ்வளவு நன்றாக நடிக்கிறார்கள் என்று அவருக்கே ஆச்சரியம். கொஞ்சம் குளிரவும் செய்தது. சுவரைப் பார்த்தார். போட்டோ இல்லை, ஆணி மட்டும் இருந்தது. மாலை இறங்கிவிட்டது! அந்த சந்தோஷத்தில் கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். மேக்கப்காரர் சொன்ன சிரிப்பு. தோஷம் கழிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னார். “நான் வந்துட்டேன்டி. போட்டோவ எடுத்துட்டாங்க. நீயே பாரு.”

“டி.வி.ல வரட்டும்” என்றாள் தாட்சாயிணி சுவரிடம்.

ஒளிபரப்பான அன்று சாயங்காலம் சலூனில் கால்வைக்க இடமில்லை. வீரராகவனுக்குச் சுழல் நாற்காலி, ராஜா மாதிரி. தினேஷ் எல்லோருக்கும் டீ சொன்னான். சரசா பூக்கூடையை உள்ளே தூக்கிவந்துவிட்டாள்.

வாசல் வந்தது. வெள்ளை வேட்டி வந்தது. “வந்துட்டான் பாரு! நான் சொன்னேன்ல!” என்று சரசா குதித்தாள்.

அடுத்த நொடி திரை நீலமாயிற்று. தரையிலிருந்து புகை எழுந்தது. வீரராகவன் நடந்தார், ஆனால் அவர் உடம்புக்குள்ளே சோபா தெரிந்தது. மகள் டம்ளரோடு அவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனாள். அவர் ஹால் நடுவில் நின்று எல்லோரையும் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பின்னால் சுவரில், கம்ப்யூட்டரில் ஒட்டியதோ என்னவோ, மாலையோடு அந்தப் போட்டோ தொங்கியது. பிறகு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் முகம் மட்டும் திரை முழுக்க வந்து, புகையாகக் கலைந்தது.

நிர்மல்தான் முதலில், “ஆவியா வந்துட்டாரே!” என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

“ஆவின்னா இன்னும் சூப்பரு. வில்லி உடம்புல பூந்து ஆட்டுவான் பாரு” என்றாள் சரசா.

“ஆவிக்குப் புல்லாங்குழல மாத்திட்டான் கேட்டியா? அடியில ஒரு உறுமி போட்டுக்கீறான். இன்னா வேல, இன்னா வேல!” இஸ்மாயிலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“பாய், மாலைய இன்னும் எறக்கல” என்றார் வீரராகவன்.

“உறுமிய அடிச்சவன் கைய புடிச்சி முத்தா குடுக்கணும்டா.”

“பாய்.”

“டிஆர்பி பிச்சிக்கும். இன்னும் ஒரு வருசத்துக்கு ஆவிதான்” என்றான் தினேஷ்.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே சண்டை தொடர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. டி.வி.மேல் துண்டு அப்படியே கிடந்தது. ஹால் நடுவில் ஒரே ஒரு வாழையிலை. சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், வடை, வெல்லப் பாயசம். எல்லாம் அவருக்குப் பிடித்தவை. பக்கத்தில் ஒரு விளக்கு.

“பக்கத்தூட்டு கலைவாணி வந்து சொன்னா. பொகையா வந்தீங்களாமே” என்றாள் தாட்சாயிணி, விளக்கைப் பார்த்தபடி.

வீரராகவன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“உக்காருங்க. அவன் மாலைய எறக்க மாட்டான், எனுக்குத் தெரிஞ்சிபோச்சி. அன்னிக்கு உங்க பேர சொல்லி வெச்சத காக்கா துன்னுச்சில்ல? இன்னிக்கு நான் உங்க பேர சொல்லி வெச்சிக்கீறேன். நீங்களே உக்காந்து துன்னுங்க. செத்தவனுக்கு வெச்சது எலையிலயே கெடக்கும். எல காலியாச்சின்னா நீங்க எம்புருசன். அப்பால எவன் எத்தினி மாலை போட்டாலும் எனுக்குக் கவல இல்ல.”

இத்தனை நாள் இந்த யோசனை யாருக்கும் வரவில்லையே என்று இருந்தது அவருக்கு. கண் கலங்கிவிட்டது. சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

உப்பே இல்லை.

படையல் என்று வாயில் வைத்துப் பார்த்திருக்க மாட்டாள், பதற்றத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். வறுவலை எடுத்தார். மிளகாய்த்தூள் சிவப்பாக விரலில் ஒட்டியது. நாக்கில் ஒன்றும் இல்லை. வடையைப் பிட்டார். ஈரமண் மாதிரி மென்றார். கடைசியில் பாயசத்தை வழித்தார். வெல்லம் பாகாக விரலிடுக்கில் பிசுபிசுத்தது, முழங்கை வரைக்கும் வழிந்தது. வாயில் வெறும் தண்ணீராக இறங்கிற்று.

“உப்பு போட்டனா இல்லியா, தெரியல” என்றாள் தாட்சாயிணி. “படையல்னு ருசி பாக்கல. இருங்க, ஒரு வாய் பாக்குறேன்.” இலைப் பக்கம் கையை நீட்டினாள்.

வீரராகவன் சட்டென்று இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எனுக்கு வெச்சது. நீ தொடாத.”

“உப்பு?”

“எல்லாம் சோக்கா கீது.”

வேகமாகத் தின்றார். மெல்லாமல் விழுங்கினார். ஒரு பருக்கை விடாமல் வழித்தார். இலை பச்சையாகப் பளபளத்தது.

அப்போது தாட்சாயிணி நிமிர்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகம் மலர்ந்து எழுந்தாள்.

“பாயசம் இன்னும் கீது. ஊத்தட்டா?”

“ஊத்து” என்றார் வீரராகவன். இலையை நேராக்கி வைத்தார்.